விண்ணப்பத்தில் இறந்தவர்

அத்தியாயம் பதினொன்று

வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. நிறஞ்சனா இன்னும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் புதுக்குடியிருப்பிலிருந்து சிலாவத்தை வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்ததே இதைச் சொல்லத்தான். வழி நெடுக வசனங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற அக்கா யூலிற்றா, "என்னடி, முகமெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கு? முதல் சாப்பிடு" என்றாள். அந்த ஒரு சொல்லோடு அடுக்கியதெல்லாம் சரிந்து விழுந்தது. பாதி வழியில் இறக்கி வைத்த மூட்டை மாதிரி. மறுபடி தோளுக்கு ஏற்ற வலு வரவில்லை.

விஷயம் இதுதான். நான்கு மாதத்துக்கு முன்னர், வேலை செய்யும் நிலையத்துக்காக எழுதிய விண்ணப்பம் ஒன்றில், அக்காவின் புருஷன் அன்ரன் இறந்துவிட்டதாக நிறஞ்சனா எழுதியிருந்தாள்.

அன்ரன் இறந்ததை ஒருவரும் காணவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில் கடலில் இறங்கியவன் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். படகும் வரவில்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கரையில் ஒதுங்கவில்லை. இந்த ஒன்றரை வருஷமாக ஊர் அவனை இறந்தவர் கணக்கில் வைத்துத்தான் கதைக்கிறது. யூலிற்றாவுக்கு முன்னால் மட்டும் ஒருவரும் கதைப்பதில்லை.

அவள் தாலியைக் கழற்றவில்லை. தேவாலயப் பூசைக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் சுவாமியாரிடம் இரண்டு கடதாசித் துண்டு கொடுப்பார்கள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒன்று, மரித்தவர்களுக்கு ஒன்று. யூலிற்றா மாதம் தவறாமல் அன்ரனின் பெயரை முதல் துண்டில்தான் எழுதுவிப்பாள். கார்த்திகையில் ஊரே மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குப் போகும் நாளில், தாயின் குழிக்கு ஒன்றைக் கொளுத்திவிட்டு அக்கம்பக்கம் பார்க்காமல் வந்துவிடுவாள்.

இதெல்லாம் தெரிந்தும் நிறஞ்சனா எழுதினாள்.

அவளுடைய வேலை அது. 'கரையோர மகளிர் கைகொடுப்பு நிலையம்' என்ற பலகை தொங்கும் ஓலைக் கந்தோரில் அவள் உதவி திரட்டும் உத்தியோகத்தர். கடிதம் எழுதி, விண்ணப்பம் எழுதி, கடல் தாண்டி இருக்கிறவர்களின் மனதைத் தட்ட வேண்டும். "கடதாசியில பிச்சை எடுக்கிற உத்தியோகம்" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். நிறஞ்சனா சிரித்துவிட்டுப் போவாள். சொந்தப் படகு வைத்திருக்கும் சம்மாட்டி வீட்டுப் பிள்ளைகளே படித்துக் கந்தோரில் இருந்த காலத்தில், கூலிக்கு வலை இழுத்தவரின் மகள் அவள். அந்தக் கதிரை அவளுக்குப் பெரிது. இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது வேறு கதை.

உதவி நிறுவனத்தின் படிவத்தில் பெண்களுக்கு மூன்றே மூன்று கட்டம் இருந்தது. மணமாகாதவர், மணமானவர், விதவை. மணமானவர் என்று போட்டால் உழைக்கிற ஆம்பிளை வீட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். அப்படிப் போட்டனுப்பிய இரண்டு விண்ணப்பமும் போன வேகத்தில் திரும்பி வந்தன. மூன்றாம் முறை அவள் மூன்றாம் கட்டத்தில் புள்ளடி போட்டாள். உதவி கேட்டிருந்த சிலாவத்தைப் பெண்கள் சங்கத்தின் இருபத்திரண்டு பேரில் ஆறு பேருக்கு அப்படி. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. 'பயனாளி ஒருவரின் கதை' என்று கேட்டிருந்த பக்கத்தில் அக்காவின் கதையை எழுதினாள். படத்தையும் ஒட்டினாள்.

விண்ணப்பம் வென்றது. கருவாட்டுக் கொட்டில், உப்புத் தொட்டி, இரண்டு தோணி எல்லாவற்றுக்கும் ஓம் என்றுவிட்டார்கள். நேரில் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம்.

பார்க்கிற நாள் இன்றைக்கு.

"நிறஞ்சி, எந்தச் சீலையடி உடுக்கிறது? நீலமோ மஞ்சளோ?"

யூலிற்றா இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். கழுத்தில் தாலி வெயில் பட்டு மினுங்கியது.

"நீலத்தை உடுங்கோ அக்கா."

"நீலம் படத்தில கறுப்பா விழும். வெள்ளைக்காரன் படம் எடுப்பானெல்லே? மஞ்சளைத்தான் உடுக்கப்போறன்."

"அப்ப என்னத்துக்கு என்னைக் கேட்டனீங்கள்?"

"சும்மா கேட்டனான். பெரிய உத்தியோகத்தர் என்ன சொல்லுறாவெண்டு பாப்பமெண்டு."

சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். இப்போது சொல்லியிருக்கலாம். நிறஞ்சனா விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள்.

முருங்கை மரத்தில் கண்ணாடித் துண்டைச் செருகி வைத்துத் தகப்பன் ஞானப்பிரகாசம் முகம் வழித்துக்கொண்டிருந்தார். இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் வீட்டில். கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"சொல்லிப்போட்டியே?"

"இல்லையப்பா."

"நான் சொல்லவோ?"

"வேண்டாம். நான் சமாளிப்பன். வாறவருக்குத் தமிழ் தெரியாது. நான்தானே நடுவில நிண்டு சொல்லப்போறன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லுவன்."

"அந்தப் பெடியன் செத்துப்போனான் பிள்ளை. நீ எழுதினதைப் பொய்யெண்டு நான் சொல்லமாட்டன்." சவர அலகைத் துடைத்தார். "ஆனா அவளைக் கேக்காமல் எழுதினனி பார், அதுதான்..."

மீதியைச் சொல்லவில்லை. அவர் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்கிற மனிதர் இல்லை.

பத்து மணிபோல வற்றாப்பளைப் பக்கமிருந்து புழுதி கிளம்பியது. கடற்கரையில் சங்கத்துப் பெண்கள் கூடியிருந்த ஓலைக் கொட்டிலான வாடிக்கு முன்னால் வெள்ளைப் பிக்கப் ஒன்று வந்து நின்றது. பின்பக்கத்திலிருந்து முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது, பிறகு கணபதி இறங்கினான். கிளிநொச்சியில் ஷெல் விழுந்து வலது காலை முழங்காலோடு இழந்தவன். நிலையத்தின் தட்டெழுத்தாளன். அவனுடைய விரல் வேகத்துக்கு இரண்டு கால் உள்ளவனும் ஓடமுடியாது.

"என்னடா, வெள்ளைக்காரன் எங்க?" என்று நிறஞ்சனா அவனுக்குக் கிட்டப் போய்க் கேட்டாள்.

"வவுனியாவில ஆமிக்காரர் மறிச்சுப்போட்டாங்கள். இஞ்சால வர அவருக்குப் பாஸ் இல்லையாம். பதிலுக்கு ஒரு அக்கா வந்திருக்கிறா."

"என்ன அக்கா?"

"தமிழ் அக்கா. மலைநாட்டுப் பக்கம். உன்னையும் என்னையும் விட வடிவாக் கதைக்கிறா. மொழிபெயர்ப்பு உத்தியோகத்துக்கு இண்டைக்கு லீவு."

நிறஞ்சனா அவனுடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"கணபதி, உனக்குத் தெரியும்தானே..."

"எனக்கு ஒண்டும் தெரியாது. நீ சொன்னாய், நான் அடிச்சனான். என்னை இழுத்து விடாதை."

இப்படிச் சொன்னாலும் அவனுடைய முகத்தில் பகிடி இல்லாமல் போயிருந்தது.

முன்கதவால் இறங்கிய பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சாதாரண வோயில் சீலை, தோளில் துணிப்பை. நிலையத்தின் பணிப்பாளர் செல்வநாயகம் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே ஓடினார். அக்கராயனில் நெல் விதைத்துக்கொண்டே இந்த நிலையத்தையும் நடத்துகிற மனிதர். கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் ஒரு இலிகிதரைக் கண்டாலே வேர்க்கும் அவருக்கு.

"மிஸ், இதில இருங்கோ."

"வேணாங்க சேர். எல்லாரும் பாயில இருக்கறப்ப நான் மட்டும் எப்படிங்க?" என்று அவள் பாயில் சம்மணம் கட்டி இருந்தாள். "வணக்கங்க. நான் கமலாசனி. அட்டன் பக்கம், தோட்டத்துல பொறந்தவ. நீங்க சொல்றது எனக்குப் புரியலன்னா சிரிக்காதீங்க. நான் சொல்றது ஒங்களுக்குப் புரியலன்னா தாராளமா சிரிங்க."

பெண்கள் சிரித்தார்கள். நிறஞ்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவளை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பிடித்தால் கதைப்பார்கள். கதைத்தால் எல்லாம் வந்துவிடும்.

"மிஸ், வெயில் ஏறமுதல் உப்புத் தொட்டி கட்டிற இடத்தைப் பாத்திட்டு வருவமே?" என்றாள்.

இடத்தைப் பார்த்தார்கள். தோணி கட்டும் துறையைப் பார்த்தார்கள். நந்திக்கடல் பக்கம் போய் இறால் கூடு வைக்கும் இடத்தையும் நிறஞ்சனா காட்டினாள். காட்ட வேறொன்றும் இல்லாமல் போனதும் கிணற்றைக் காட்டினாள்.

"கிணறு நல்லா இருக்குங்க," என்றாள் கமலாசனி. பிறகு நிறஞ்சனாவையே ஒரு கணம் பார்த்தாள். "நிறஞ்சனா, நீங்க காலையில சாப்பிட்டீங்களா?"

"ஓம் மிஸ்."

"சாப்பிட்ட மாதிரி தெரியல."

வாடிக்குத் திரும்பியபோது யூலிற்றா மஞ்சள் சீலையோடு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். தகப்பனும் வந்து வாடியின் ஓலைத் தட்டிக்கு வெளியே, நிழலில் குந்தியிருந்தார். கமலாசனி இளநீரைக் குடித்து முடித்துவிட்டுத் துணிப்பையைத் திறந்தாள்.

"யூலிற்றாங்கறது யாருங்க?"

"நான்தான் பிள்ளை."

கமலாசனியின் கண் யூலிற்றாவின் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. தாலியில் ஒரு நொடி நின்றது. பிறகு பைக்குள்ளிருந்து, உதவி நிறுவனம் அச்சிட்ட வழவழப்பான புத்தகம் ஒன்றை எடுத்தாள். நடுப்பக்கத்தில் யூலிற்றாவின் படம், உள்ளங்கை அகலத்துக்கு.

"ஐயோ, இது நானெல்லே!" யூலிற்றா வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "அப்பா, இஞ்ச பாருங்கோவன், நான் புத்தகத்தில வந்திருக்கிறன்."

ஞானப்பிரகாசம் எழும்பி வரவில்லை.

"இத வெளிநாட்டுல நெறைய பேர் படிச்சாங்கக்கா. ஒரு வயசான அம்மா ஒங்களுக்குன்னே ஒரு கடுதாசி குடுத்தனுப்பியிருக்காங்க. அவங்க வீட்டுக்காரரும் மீன் பிடிச்சவருதான். நானே வாசிச்சுச் சொல்லட்டுங்களா?"

"மிஸ்," என்றாள் நிறஞ்சனா. "நான் பிறகு ஆறுதலா வாசிச்சுக் காட்டுறன். நேரம் போகுது, உங்களுக்குச் சாப்பாடு..."

"அவா வாசிக்கட்டுமேடி," என்றாள் யூலிற்றா. "எனக்கு வந்த காயிதம்."

கமலாசனி வசனம் வசனமாகத் தமிழில் சொன்னாள்.

"'அன்புள்ள யூலிற்றா. நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் என் கணவரைக் கடல் கொண்டுபோனது.'"

"முப்பது வருசமோ! பாவம். பிள்ளையள் இருக்கோ?"

"அது எழுதலக்கா. 'அன்றிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் நான் கதவைச் சாத்துவதில்லை.'"

யூலிற்றா தலையை ஆட்டினாள். கண் கலங்கிவிட்டது. "ஓம். ஓம். எப்பிடிச் சாத்திறது?"

"'உங்கள் கணவர் இறந்த செய்தியை வாசித்தபோது...'"

கமலாசனி நிறுத்தினாள். யூலிற்றாவின் தலை ஆட்டம் நின்றதைக் கண்டுதான் நிறுத்தினாள்.

வாடிக்குள் இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். இளநீர்க் கோம்பையில் இலையான் மொய்க்கிற சத்தம் கேட்டது.

"ஆற்ற கணவர்?" என்றாள் யூலிற்றா.

புத்தகத்தை இழுத்துத் தன் படத்தில் விரலை வைத்தாள்.

"என்ர மனுசன் செத்தவரெண்டு இந்தப் புத்தகத்தில எழுதிக்கிடக்கோ?"

"ஆமாங்கக்கா," என்றாள் கமலாசனி மெதுவாக. "விண்ணப்பத்துலயும் அப்படித்தான் இருக்கு."

யூலிற்றா திரும்பிப் பார்த்தாள். தேடிப் பார்க்கவில்லை. நேராக நிறஞ்சனாவைப் பார்த்தாள். வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் ஒன்றுதானே.

"நான்தான் அக்கா எழுதினனான்."

"நீயோ?"

"கட்டம் இல்லையக்கா. காணாமல் போனவரெண்டு போட ஒரு கட்டம் அதில இல்லை. இரண்டுதரம் திருப்பி அனுப்பினவங்கள். இருபத்திரண்டு பேருக்கு..."

"உன்னைத் தோளில வச்சுக்கொண்டு வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கொண்டுபோய் வளையல் வாங்கித் தந்த மனுசனடி அது." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நிறஞ்சனாவுக்குத் தோன்றியது. "எத்தினை எழுத்தில எழுதினனி அவர் செத்தவரெண்டு? மூண்டோ நாலோ?"

செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "மிஸ், சத்தியமா எனக்கு இது தெரியாது. நிறஞ்சனா, நீர் நாளைக்குக் கந்தோருக்கு வாறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

இந்த இடத்தில் வீரம்மா எழும்பினாள். அவளுடைய புருஷனும் காணாமல் போனவன்தான். ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

"எனக்கும் அப்பிடித்தான் போட்டிருப்பாள். போடட்டும். அந்தாள் இருந்தா வரும், இல்லாட்டி இல்லை. என்ர பிள்ளையள் இண்டைக்குத் தின்ன வேணும். யூலிற்றா, ஒரு சொல்லுத்தானே, ஓமெண்டு விடன். கடுதாசியில செத்தா ஆள் சாகுமே?"

"உன்ர வாயால உன்ர மனுசனைச் சொல்லு வீரம்மா. என்ரையைச் சொல்லாதை."

"அப்ப எங்கட தோணி? சோளகக் காத்து துவங்கமுதல் கொட்டில் போடாட்டி இந்த வருசமும் மண்ணுதான்."

இரண்டு மூன்று குரல் சேர்ந்து எழும்பியது. கமலாசனி கையை உயர்த்தினாள்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா?" புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். "எனக்கு ஒன்பது வயசுல எங்க லயத்து வீடுங்களுக்கு இந்த மாதிரி ஆளுங்க வந்தாங்க. படம் புடிக்கணும்னாங்க. தீபாவளிக்கு எடுத்த சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஓடினேன். அத கழட்டிட்டுக் கிழிஞ்சதா ஒண்ணு போட்டு வரச் சொன்னாங்க. அந்தப் படத்தாலதான் எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்துச்சு. அந்தக் கூரைக்குக் கீழதான் நான் படிச்சேன். ஆனா அந்தப் படத்த இன்னைக்கும் என்னால பாக்க முடியாது."

கமலாசனி புத்தகத்தைத் துணிப்பைக்குள் திருப்பி வைத்தாள்.

"அதுக்காக இத நான் மூடி மறைக்க மாட்டேன். மறைச்சா என் வேலையும் போகும், ஒங்க தோணியும் போகும். வெள்ளிக்கிழமை நான் வவுனியா தாண்டணும். அதுக்குள்ள நடந்தது நடந்தபடி எழுதின கடுதாசி எங்கிட்ட இருக்கணும். புதுசா ஒரு கட்டம் வேணும்னு நான் அங்க சண்டை போடுறேன். குடுப்பாங்களா, விண்ணப்பத்தையே தூக்கி எறிவாங்களா, எனக்குத் தெரியாது. பொய்யா ஒரு நம்பிக்கை நான் தர மாட்டேன்."

நிறஞ்சனா பைக்குள்ளிருந்து கொப்பியையும் பேனையையும் எடுத்தாள். பழக்கம். கை தானாகப் போனது.

"நீ வேண்டாம்," என்றாள் யூலிற்றா.

பேனை கையிலேயே நின்றது.

"கணபதித் தம்பி, நீ எழுது. நான் சொல்லச் சொல்ல எழுது. கூட்டாதை, குறைக்காதை. மற்றவை எல்லாரும் வெளியால நில்லுங்கோ. நீயும்தான்டி."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. நிறஞ்சனா தட்டியோரம், தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தினாள். கிடுகுத் தட்டிக்கு அங்கால் யூலிற்றாவின் குரல் தாழ்ந்து போய்விட்டது. ஆனால் கணபதிக்கு ஒரு பழக்கம், எழுதுவதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவான்.

"'என்ர மனுசன்... பெயர் அன்ரன்... காணாமல் போனவர்.' போட்டாச்சு. சொல்லுங்கோ அக்கா."

முணுமுணுப்பு.

"'அண்டைக்கு அவர்... மீனுக்குப் போகேல்லை.'" பேனை நின்றது. "மீனுக்குப் போகேல்லையோ?"

நிறஞ்சனா நிமிர்ந்தாள்.

"எழுது," என்றாள் யூலிற்றா. இப்போது குரல் தெளிவாகவே கேட்டது. "என்ர தங்கச்சி மலேரியாவில நினைவில்லாமல் கிடந்தவள். ஊசிமருந்து இஞ்ச ஒரு இடத்திலயும் இல்லை. புல்மோட்டையில தெரிஞ்ச ஆளிட்டை இருக்கெண்டு கேள்விப்பட்டு, அதை எடுக்கப் போனவர். அவளுக்குச் சொல்லக் கூடாதெண்டு எல்லாரிட்டையும் சத்தியம் வாங்கி வச்சனான். அறிஞ்சா அவள் தாங்கமாட்டாள்."

அந்த ஆவணியில் ஒரு கிழமை நிறஞ்சனாவுக்கு நினைவே இல்லை. கண் விழித்தபோது அக்கா தலைமாட்டில் இருந்தாள். அத்தான் எங்கே என்று கேட்டதற்கு, தொழிலுக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்றாள். இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதைத்தான் அழகான வசனங்களாக அந்தப் பக்கத்தில் எழுதினாள்.

மண்ணைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க வேறொன்றும் இல்லை.

"அக்கா," என்றான் கணபதி, "இதையும் எழுதவோ?"

"எழுது. இனித்தான் எழுத வேண்டியது இருக்கு. மூண்டாம் நாள் மருந்து வந்தது. அவர்தான் வரேல்லை. மருந்து வந்ததெண்டா மனுசன் புல்மோட்டையில கரையேறினவர்தானே? இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. எனக்கு விசரெண்டு நினைக்கினம்."

"மருந்தை ஆர் கொண்டுவந்து தந்தது?"

உள்ளே பாய் சரசரத்தது.

"எனக்குத் தெரியாது தம்பி. அதை வாசலில நிண்டு வாங்கினது அப்பா. கொண்டுவந்த ஆளோட கதைச்சதும் அவர்தான். அண்டையிலிருந்து கேக்கிறன். வாய் திறக்கிறாரில்லை."

நிறஞ்சனா மெல்லத் திரும்பினாள்.

ஞானப்பிரகாசம் எழும்பியிருந்தார். சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். மகளின் முகத்தைப் பார்க்காமல், வீட்டுப் பாதையை விட்டு, மற்றப் பக்கமாக நடந்தார். எழுபது வயதுக்காரர் நடக்கிற நடையில்லை அது. 'அந்தப் பெடியன் செத்துப்போனான் பிள்ளை' என்று காலையில் அவர் அடித்துச் சொன்னது நிறஞ்சனாவுக்கு நினைவு வந்தது.

"அப்பா!"

அவர் நிற்கவில்லை.

"அப்பா, என்னத்தைச் சொன்னவன் மருந்து கொண்டுவந்த அந்த ஆள்?"